ஈரத்துணி மூட்டை

லாண்டரியில் ஒரு பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதற வேண்டும், இழுக்க வேண்டும், பிறகு எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கைகள் சேரும் இடத்தில் ஒருத்தி விடுவாள், மற்றவள் வாங்கிக்கொள்வாள். ஒரு ஷீட்டுக்கு நான்கு நடை. ஒரு நாளைக்கு முந்நூறு ஷீட்.

எட்டாம் மாதம் பிறந்ததும் ஒல்லிக்கு அந்தக் கணக்கு தப்பிப்போனது. நடக்க முடிந்தது. கை சேரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வயிறு வந்து நின்றது.

"ஏண்டி, நான் உன்கிட்ட வர்றேன்னா நடுவுல ஒருத்தன் வழிமறிச்சுக்கிட்டு நிக்கிறானே!" என்றாள் எதிர்முனையைப் பிடித்திருந்த கஞ்சி அக்கா. "உள்ள இருக்கும்போதே இவ்வளவு அதிகாரம்னா, வெளிய வந்தா மேஸ்திரி வேலைதான் பார்ப்பான்."

"நீங்க கொஞ்சம் குனிஞ்சு வாங்கிக்குங்கக்கா."

"குனிஞ்சுடுவேன். நிமித்தி விடறதுக்கு உன் புருஷனைத்தான் கூப்பிடணும்."

கஞ்சி அக்கா இருபது வருஷமாகக் கஞ்சித்தொட்டியில் நின்றவள். அதனால் அந்தப் பெயர். ஒல்லிக்கு அந்தப் பெயர் வந்தது பிறந்த அன்றே. நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னாலேயே அவசரமாக வந்து விழுந்த குழந்தை. ஈரத்துண்டைப் பிழிந்து வைத்தாற்போல் இருந்தாளாம். அவளைப் பார்க்க வந்த லாண்டரிப் பெண்கள் வைத்த பெயர் அது. வயது முப்பத்தொன்று ஆகியும் போகவில்லை. இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எல்லோரும் ஒரு தடவை அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவள் புருஷன் அதே லாண்டரியில் பாய்லர்காரன். பாய்லர் அறைக்கும் மடிப்பு மேஜைக்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த ஜன்னலில் அவன் தலை தெரியும். "என்ன?" என்று புருவத்தைத் தூக்குவான். "ஒண்ணுமில்ல" என்று அவள் தலையை ஆட்டுவாள்.

ஒன்றுமில்லாமல் இல்லை. சோற்றை விழுங்கியதும் நெஞ்சு எரிந்தது. பாதம் வீங்கி, காலையில் போட்ட செருப்பை மத்தியானம் கழற்றினால் மறுபடி போட முடியவில்லை. முக்கால் மணிக்கு ஒரு தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. குழந்தை வலது விலாவுக்கடியில் காலை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நெஞ்செரிச்சலுக்கு ஆறிய பால், அதுவும் மடக்கு மடக்காக. முதுகு வலிக்கு டிரையர் இயந்திரத்தின் தகரச் சுவர். அதில் சாய்ந்தால் இதமாகச் சுடும். கழிப்பறைக்குப் பக்கத்து மேஜையைக் கஞ்சி அக்கா விட்டுக்கொடுத்தாள். விலாவுக்கு, "கொஞ்சம் தள்ளிப் படுடா தங்கம்" என்று கெஞ்சினாள். சில சமயம் தள்ளிப் படுத்தது.

வீங்கிய காலுக்குத்தான் நல்ல வழி கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கஞ்சி அக்கா ஒரு பக்கெட் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்க, ஒல்லி இரண்டு காலையும் அதில் விடுவாள். குளிர்ச்சி ஏறியதும் உள்ளே ஒரு உதை விழும். தினமும் விழும். கஞ்சி அக்கா அதற்காகவே கையைக் கழுவிவிட்டு வந்து வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பாள். "துரைக்குக் குளிருதாம்!" என்று கத்துவாள்.

வழி கிடைக்காத ஒன்று உண்டு. அது அரிப்பு.

முதலில் உள்ளங்கையில் வந்தது. இரண்டு நாளில் உள்ளங்காலுக்கும் இறங்கியது. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரியானால் தோலுக்கு அடியில் யாரோ உட்கார்ந்துகொண்டு சுரண்டுவது போல் இருந்தது. மேலே சொறிந்தால் அடியில் இருப்பதற்கு எட்டவில்லை. வாசல் மிதியடியில் பாதத்தைத் தேய்த்தாள். சீப்பின் பல்லால் கையைக் கீறினாள். விடியும்போதுதான் கண் அயரும். அப்போது அலாரம் அடிக்கும்.

இந்த அரிப்பு வேறு எந்த ஊரில், வேறு எந்த வேலை பார்க்கும் பெண்ணுக்கு வந்திருந்தாலும் யாராவது ஒருத்தர் புருவத்தைச் சுருக்கியிருப்பார்கள். லாண்டரியில் யார் சுருக்குவார்கள்? அங்கே அரிக்காத கையே கிடையாது. சோடா, சோப்புத்தூள், பிளீச். ஈரப்பக்கம் நிற்கிறவர்களுக்கு விரல் இடுக்கு வெந்திருக்கும். உலர்பக்கம் நிற்கிறவர்களுக்கு மணிக்கட்டு வெடித்திருக்கும். ஒல்லிக்குக் காலையில் இரண்டு மணி நேரம் ஈரப்பக்கத்தில் வேலை. அப்புறம்தான் மடிப்பு மேஜை.

"கை அரிக்குதா? காசு வரப்போகுது," என்றாள் கஞ்சி அக்கா.

"அப்ப கால் அரிக்கிறதுக்கு?"

"அதை எடுத்துக்கிட்டு ஓடப்போறே."

சிரித்து முடித்த பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி எண்ணெய் தடவச் சொன்னாள். இன்னொருத்தி இரண்டு ஜோடி கிளவுஸ் போடச் சொன்னாள். கஞ்சி அக்கா மட்டும் ஒல்லியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குத் தோலே உரியலையேடி. எங்களுக்கெல்லாம் பாரு, பல்லி முதுகு மாதிரி. உனக்கு வழவழன்னு இருக்கு," என்றாள்.

"உள்ள அரிக்குதுக்கா."

"புதுசா வந்த பிளீச் அப்படி இருக்கும். டப்பா மாத்தியிருக்கான்."

அத்தோடு பேச்சு நின்றுபோனது. வாசலில் தராசம்மா வந்துவிட்டாள்.

தராசம்மா ஒல்லியின் அம்மா. இருபத்தெட்டு வருஷம் இதே லாண்டரியில் ஈரப்பக்கம் நின்றவள். முழங்கால் போன பிறகு வீட்டில் இருந்தாள். ஒரு மூட்டையைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள், கால் கிலோ கூடக் குறையாமல். அதனால் தராசு. மகள் உண்டானதிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். சாப்பாடு ஒரு சாக்கு. வந்ததும் முதல் வேலை மகளைச் சுற்றியிருக்கும் மூட்டைகளைப் பார்ப்பதுதான்.

"இதை யாரு இங்க கொண்டுவந்து வச்சது?"

"நான்தாம்மா, காலால தள்ளி..."

"காலால தள்ளினா வயித்துல இழுக்காதா? மேஸ்திரி! யோவ் மேஸ்திரி! பன்னெண்டு கிலோ மூட்டையைப் பிள்ளைத்தாய்ச்சி கிட்ட வைக்கிறியே, உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?"

மேஸ்திரி அவளிடம் வேலை கற்றவன். "வந்துட்டியா தாயே," என்று முனகிக்கொண்டே மூட்டையை நகர்த்துவான்.

தராசம்மாவுக்கு மூட்டை என்றால் பயம். அந்தப் பயம் ஊருக்கே தெரியும். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தது. ஒன்பதாம் மாதம் வரை வயிற்றில் இருந்தது. அப்போது லாண்டரியில் டிரையர் பழுதாகி, துவைத்த துணியை ஈரத்தோடு வேனில் வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேன் ஓட்டியவர் அவள் புருஷன். ஒரு நாள் சாயங்காலம் வேன் வரத் தாமதமானது. வழியை அடைத்துக்கொண்டு கிடந்த ஈரத்துணி மூட்டையை அன்றைய மேஸ்திரி நகர்த்தச் சொல்லிக் கத்தினான். தூக்க ஆளில்லை. அவளே தூக்கித் தள்ளுவண்டியில் போட்டாள். பதினெட்டு கிலோ. நான்காம் நாள் பிள்ளை அசையவில்லை.

பத்து நிமிஷத் தாமதம். டிரைவர் அதற்காக முப்பத்துமூன்று வருஷமாக அந்த வீட்டில் குரல் எழுப்பாமல் இருந்தார். சோறு போட்டால் சாப்பிட்டார். போடாவிட்டால் கேட்கவில்லை.

"அம்மா, கை அரிப்பு தாங்கலம்மா," என்றாள் ஒல்லி, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டே.

"லாண்டரிக்காரிக்கு அரிக்காம யாருக்குடி அரிக்கும்? எனக்கு அரிக்கலையா? மூத்தவனைச் சுமந்தப்ப பாதத்தைச் சுவத்துல தேச்சுத் தேச்சு, கட்டில் பக்கம் பூரா சுண்ணாம்பே போயிடுச்சு. உன்னைச் சுமந்தப்பவும் அப்படித்தான். வயித்துல பிள்ளை இருந்தா தோலு இளகிடும். பிளீச் சுலபமா ஏறிடும். பெத்ததும் போயிடும்."

"ஒண்ணுக்குப் போனாகூட மஞ்சளாப் போகுது."

"தண்ணி குடிச்சாத்தானே? இந்தா, இதைக் குடி. அரிப்பெல்லாம் ஆளைக் கொல்லாது. கனம் தூக்காம இரு, அது போதும்."

அந்த வாரம் மாதாந்திரப் பரிசோதனை. பாய்லர்காரன்தான் கூட்டிக்கொண்டு போனான். கூட்டம் அதிகம். நர்ஸ் எடை பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது.

"வேற ஏதாவது தொந்தரவு?"

"கையும் காலும் ரொம்ப அரிக்குதுங்க."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"லாண்டரியில."

நர்ஸ் சிரித்தாள். "அப்புறம் அரிக்காம என்ன செய்யும்? ஈர வேலையை விட்டுடுங்க. இந்தக் களிம்பைத் தடவுங்க."

பாய்லர்காரனுக்கு அந்த வார்த்தையே போதுமானதாக இருந்தது. மறுநாள் மேஸ்திரியிடம் போய் நின்றான். மேஸ்திரியும் மறுக்கவில்லை. காலை இரண்டு மணி நேர ஈர வேலை நின்றது. ஒல்லி முழு நேரமும் மடிப்பு மேஜையில். அவளுக்கென்று போர்வைகளை அடுக்கி ஒரு ஆசனம்கூடப் போட்டுக்கொடுத்தார்கள். லாண்டரியே அவளைக் கையில் வைத்துத் தாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் ஒரு தலையணை உறையை எடுக்கக் குனிந்தால்கூட மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

அரிப்பு மட்டும் குறையவில்லை. கையிலும் காலிலும் இருந்தது முழங்கைக்கும் வயிற்றுக்கும் ஏறியது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வீடு சின்னது. ஒரு அறை, ஒரு அடுப்படி, நடுவில் ஒரு திரை. ஒல்லி காலை நாற்காலிக் கம்பியில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் சும்மா இருடி. காது கூசுது," என்றாள் தராசம்மா.

"அம்மா, நான் ஈரப்பக்கமே போகல. ஒன்பது நாளாச்சு. தொடறதெல்லாம் இஸ்திரி ரோலர்ல வெந்து வர்ற துணி. அதுல ஏது பிளீச்?"

"இத்தனை வருஷமா ஊறினது ஒன்பது நாள்ல போயிடுமா?"

"அப்ப ஏழாம் மாசம் வரைக்கும் ஏன் அரிக்கல?"

தராசம்மா குழம்புக் கரண்டியை எடுத்து மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"அத்தை, திங்கக்கிழமைதான் ஸ்கேன் இருக்கு. அப்ப பெரிய டாக்டர்கிட்டயே கேட்டுடலாம்," என்றான் பாய்லர்காரன்.

அப்போது டிரைவர் வாயைத் திறந்தார். அவர் பேசுவது அபூர்வம் என்பதால் எல்லோரும் திரும்பினார்கள்.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே போயிட்டு வந்துடலாமே. நான் வண்டிக்குச் சொல்றேன். அவ தூங்கி ஒரு மாசமாச்சு."

"எதுக்கு? அரிக்குதுன்னு சொல்லவா? நர்ஸ் சிரிச்சது போதாதுன்னு டாக்டரும் சிரிக்கணுமா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். ஒரு தடவை காட்டிட்டா..."

"நீங்க பேசாதீங்க." தராசம்மாவின் குரல் ஏறவில்லை. அது எப்போதுமே ஏறியதில்லை. "போகவேண்டிய நேரத்துக்குப் போகத் தெரியாதவங்க எல்லாம் இப்ப அவசரப்படறாங்க. அன்னிக்குப் பத்து நிமிஷம் முன்னால வந்திருந்தா, என் மூத்தவன் இன்னிக்கு இங்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்."

டிரைவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒல்லி நாற்காலிக் கம்பியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். பாய்லர்காரன் தண்ணீர்ச் செம்பைத் தேடினான். திங்கட்கிழமை என்று முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. மழை நாளில் லாண்டரி மூச்சுமுட்டும். ஜன்னலைத் திறக்க முடியாது. நீராவி வெளியே போகாது. ரோலரிலிருந்து வரும் ஷீட்டுகள் கையைச் சுட்டன. சுவரிலெல்லாம் வியர்வை போல் தண்ணீர் இறங்கியது. ஒல்லிக்கு வயிறு கல் போல் இருந்தது. வெக்கை என்று நினைத்தாள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தாள். ரொட்டி இரண்டு துண்டு. பிள்ளை எப்போது உதைத்தது என்று யோசித்தாள். நேற்றுச் சாயங்காலம் உதைத்த ஞாபகம் இருந்தது. ராத்திரி அரிப்பில் வேறு எதையும் கவனிக்கவில்லை.

மத்தியானம் கஞ்சி அக்கா பிடித்து வைத்த பக்கெட்டில் காலை விட்டாள். மழை நாள் குழாய்த் தண்ணீர். வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்தது. கஞ்சி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வயிற்றில் வைத்தாள்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"துரை தூங்கறாரோ?" என்றாள் கஞ்சி அக்கா.

"கொஞ்சம் ஐஸ் கிடைக்குமாக்கா?"

கஞ்சி அக்கா டீக்கடைக்குப் போய் ஒரு தாள் பொட்டலத்தில் ஐஸ்கட்டி வாங்கிவந்து பக்கெட்டில் போட்டாள். ஒல்லியின் கணுக்கால் விறைத்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"நாள் நெருங்குதுல்ல, இடம் போதாம அடங்கியிருப்பான். எனக்கு ரெண்டாவது அப்படித்தான் இருந்துச்சு. சர்க்கரைத் தண்ணி குடி."

சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் போர்வை அடுக்கில் படுத்தாள். விலாவுக்கடியில் கையை வைத்து அழுத்தினாள். "தள்ளிப் படுக்க வேண்டாம்டா. அங்கயே இரு. ஒரு தடவை உதைச்சுடு," என்றாள். கஞ்சி அக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

சாப்பாட்டுக் கேரியரோடு தராசம்மா உள்ளே வந்தபோது ஒல்லி எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். செருப்பு காலில் நுழையவில்லை. வெறுங்காலோடு ஜன்னலுக்குப் போனாள். பாய்லர்காரன் புருவத்தைத் தூக்கினான். அவள் தலையை ஆட்டவில்லை. அவன் நீராவியைக் குறைத்துவிட்டு, மேஸ்திரியைப் பாய்லர் முன்னால் நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

வண்டி பத்து நிமிஷத்துக்குள் வாசலில் நின்றது. சேதி கேட்டு ஓடிவந்த டிரைவரே லாண்டரி வேனை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வேலையை விட்டுப் பல வருஷமான அவரிடம் சாவி கொடுக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. பின்பக்கம் துணி மூட்டைகளை இறக்கிவிட்டுப் பெஞ்சில் மகளும் தாயும் உட்கார்ந்தார்கள். மழையில் வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

"உண்மையைச் சொல்லு. மூட்டை தூக்கினியா?"

"இல்லம்மா."

"நான் திட்டமாட்டேன். சொல்லு. நேத்து? முந்தாநாள்?"

"தூக்கலம்மா."

"பக்கெட்டு? பக்கெட்டை யாரு தூக்கினது?"

"கஞ்சி அக்காதான் பிடிச்சு வைப்பாங்க."

"அலமாரி மேல கை நீட்டினியா? ஏதாவது நகர்த்தினியா? நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு, ஏதாவது தூக்கியிருப்பே."

"அம்மா, என்னை யாரு தூக்க விட்டா?"

முன்சீட்டில் டிரைவர் வைப்பர் துடைத்த பக்கமாகக் குனிந்து பார்த்து ஓட்டினார். பக்கத்தில் பாய்லர்காரன் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். அழுத்தினாள். திரையை ஒல்லிக்குத் தெரியாதபடி கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலிலேயே ஒல்லிக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் சொல்லவேண்டியதைச் சொல்லும்வரை அவள் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

பிறகும் பெற்றுத்தான் ஆகவேண்டும். அதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. மருந்து ஏற்றி, வலி வரவழைத்து, முக்கி, மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பெற்றாள். பெண் குழந்தை. இத்தனை நாள் எல்லோரும் அவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குறை ஒன்றுமில்லை. விரல், நகம், காதுமடல் எல்லாம் முழுசாக இருந்தது. தலை நிறைய முடி.

துணியில் சுற்றித் தராசம்மாவின் கையில் கொடுத்தார்கள். வாங்கியதுமே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. ரெண்டே முக்கால். நல்ல எடை. ஒல்லி பிறந்தபோது இருந்ததைவிட ஒரு கிலோ கூடுதல். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒல்லி கேட்டாள். "கனமா இருக்காம்மா?"

"இல்ல கண்ணு. பூ மாதிரி இருக்கு," என்றாள் தராசம்மா. அவள் எடை விஷயத்தில் சொன்ன முதல் பொய் அதுதான்.

மறுநாள் டாக்டர் வந்து கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் ரத்தப் பரிசோதனைக் காகிதம். அவசரப்படாமல் பேசினாள்.

"அரிப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு டாக்டர்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம்."

"உள்ளங்கை, உள்ளங்கால்? ராத்திரியில அதிகமா?"

"ஆமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றாள் ஒல்லி.

டாக்டர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். சில பேருக்குப் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக இறங்காது. ரத்தத்தில் தங்கிவிடும். அதுதான் அரிப்பு. தாயை ஒன்றும் செய்யாது. கடைசி வாரங்களில் சில குழந்தைகளுக்கு அது திடீரென்று ஆபத்தாகிவிடும். தெரிந்திருந்தால் ரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்து கொடுத்து, கொஞ்சம் முன்னாடியே பிரசவம் பார்த்திருக்கலாம்.

"முன்னாடின்னா?" என்றான் பாய்லர்காரன்.

"ஒரு வாரம். பத்து நாள். ரெண்டு நாளா இருந்தாக்கூட."

யாரும் வியாழக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை.

"பிளீச் இல்லையா டாக்டர்?" என்றாள் தராசம்மா. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். "நாங்க லாண்டரி ஆளுங்க."

"பிளீச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"கனம் தூக்கினா...?"

"கனத்துக்கும் சம்பந்தமில்ல. இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும்." டாக்டர் பேனாவை எடுத்தாள். "உங்க வீட்டுல யாருக்காவது இருந்துச்சா? அம்மாவுக்கு, அக்கா தங்கச்சிக்கு? இப்படி அரிப்பு, இல்ல கடைசி மாசத்துல குழந்தை தவறினது?"

ஒல்லி அம்மாவைப் பார்த்தாள். பாய்லர்காரன் தரையைப் பார்த்தான்.

தராசம்மா விரிப்பின் ஓரத்தை விடவில்லை. "இது நம்ம சலவை இல்ல," என்றாள். "மூலை மடிப்பு சரியில்ல பாரு." பிறகு அவளே தொடர்ந்தாள். "எனக்கு இருந்துச்சு டாக்டர். ரெண்டு தடவையும். மூத்தவன் ஒன்பதாம் மாசத்துல போயிட்டான். இவ மூணு வாரம் முன்னாலயே வந்துட்டா."

"முன்னால வந்ததுனால தப்பிச்சாங்க," என்றாள் டாக்டர், எழுதிக்கொண்டே. நல்ல வார்த்தை சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னாள்.

வராந்தாவில் டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது. தராசம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், பித்தநீர், ரத்தம், குடும்பம். அவர் கேட்டுக்கொண்டார்.

"மூட்டையால இல்லையாம்," என்றாள்.

"உம்."

"நீங்க பத்து நிமிஷம் லேட்டா வந்ததுனால இல்லையாம். அன்னிக்கு நேரத்துக்கு வந்திருந்தாலும் போயிருப்பானாம்."

டிரைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துவிட்டு மாட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை நீங்க போகலாம்னு சொன்னீங்க."

"விடு."

"நான்தான் உங்களைப் பேச விடல."

அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். நர்ஸ் கூடத்தான் சிரித்தாள், உனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஊரே பிளீச் என்றது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று அவருக்கும் இருந்தது. வாய் திறக்கவும் செய்தார். ஆனால் முப்பத்துமூன்று வருஷம் சும்மா இருந்து பழகிய நாக்கு எழும்பவில்லை. தராசம்மா காத்திருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் ஒல்லிக்கு உடம்பு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. பாதம் வடிந்து எலும்பு தெரிந்தது. சோறு நெஞ்சில் நிற்காமல் இறங்கியது. மல்லாந்து படுக்க முடிந்தது. காலையில் கஞ்சி அக்கா வந்து, ஒல்லியின் தலைமுடியைப் பின்னிவிட்டுப் போனாள். அப்போது மூடிய கண்ணை ஒல்லி சாயங்காலம்தான் திறந்தாள். அஞ்சு வாரம் வராத தூக்கம். எழுந்ததும் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்குக்கூட விழிப்பு வரவில்லையாம்.

பணி மாறி வந்த புது நர்ஸ் அட்டையோடு கட்டில் கட்டிலாக வந்தாள்.

"நெஞ்செரிச்சல்?"

"இல்ல."

"கால் வீக்கம்?"

"இல்ல."

"அரிப்பு?"

"இல்ல."

"தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"ரொம்ப நல்லது," என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஒல்லி இடது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, வலது கை நகத்தால் சொறிய ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு அழுத்தினாள். பாய்லர்காரன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரிக்குதா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள். தோல் சிவந்து வந்தது. அவள் நிறுத்தவில்லை.